டீசல் பாதை: டேங்கில் தொடங்கி நாசிலில் முடிக்க

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏறத் தொடங்கியதும் சில பழைய பிக்கப்புகளுக்கு இழுவை போய்விடும். கள்ளக்குறிச்சிக்கும் சின்னசேலத்துக்கும் இடையே குறையே சொல்ல முடியாதபடி ஓடிய வண்டிதான். உர மூட்டையும் சிமென்டும் ஏற்றிக் கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலைக்குத் திரும்பும்போது மட்டும் இரண்டாம் கியரில் வந்து திணறும். எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் சுற்று ஏறாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வாயிலிருந்து முதலில் வருவது "பம்பு போச்சு" என்பதுதான்.

பம்பு கெடுவது உண்டு. ஆனால் கழற்றவும் சரிசெய்யவும் அதிகச் செலவு வைக்கும் பொருள் அது. அதனாலேயே கடைசியில் சந்தேகப்பட வேண்டியதும் அதுதான். டேங்க் மூடியில் அடைத்திருக்கும் தூசி, விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ், மாற்றாமல் விட்ட ஃபில்டர், தளர்ந்த கிளிப் ஆகியவை எல்லாம் பம்பு கெட்டதைப் போலவே நடிக்கும். டீசல் எந்த வழியாகப் போகிறதோ அதே வழியாக, டேங்கிலிருந்து தொடங்கிப் பார்த்துக்கொண்டு வந்தால், பல வண்டிகளில் பம்பை எட்டும் முன்பே வேலை முடிந்துவிடும்.

உங்கள் வண்டி எந்த வகை

இங்கே சொல்வது மெக்கானிக்கல் பம்பு உள்ள பழைய வண்டிகளுக்கு மட்டும். 2,523 சிசி டி.ஐ. (நேரடி இன்ஜெக்‌ஷன்) இன்ஜின் போட்ட மஹிந்திரா பொலேரோ பிக்கப், டாடா 207 டி.ஐ., 2005-இல் வந்து 'குட்டி யானை' என்று பெயர் வாங்கிய இரண்டு சிலிண்டர் டாடா ஏஸ் போன்றவை இந்தக் கூட்டம். பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒரே பெயரில் பழைய இன்ஜினும் புது இன்ஜினும் வந்திருக்கின்றன. போனட்டைத் திறந்து பாருங்கள். எத்தனை சிலிண்டரோ அத்தனை மெல்லிய இரும்புப் பைப்கள் பம்பிலிருந்து புறப்பட்டு ஒவ்வொன்றும் ஒரு இன்ஜெக்டருக்கு நேராகப் போனால் அது மெக்கானிக்கல். பம்பிலிருந்து வரும் பைப் தடித்த ஒரு குழாயில் சேர்ந்து, அங்கிருந்து இன்ஜெக்டர்களுக்குப் பிரிந்து, ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் ஒயர் செருகியிருந்தால் அது காமன் ரெயில். நாடு முழுவதும் பி.எஸ். 4 புகை விதி வந்தது 2017 ஏப்ரலில். அதற்குப் பிந்தைய பிக்கப்புகள் பெரும்பாலும் காமன் ரெயில்தான். முந்தையவற்றிலும் சில உண்டு. காமன் ரெயிலுக்குள் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டிப் போகும். இன்ஜின் ஓடும்போது நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய வித்தையை அதில் காட்டினால் ஆளுக்கே ஆபத்து. அந்த வண்டிக்காரர்கள் டேங்க், ஹோஸ், ஃபில்டர் பற்றிச் சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பம்பின் மேல் ஒரு சின்னத் தகடு இருக்கும். பல பழைய பம்புகளில் அதில் 'மைக்கோ' என்றிருக்கும். 1951-இல் தொடங்கி, பெங்களூரு ஆடுகோடி ஆலையில் பம்பும் நாசிலும் செய்த அந்த நிறுவனம் 2008-இல்தான் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது. கடையில் "பொலேரோ பம்புக்கு சீல் கிட் கொடுங்க" என்று கேட்பதைவிட, தகட்டில் உள்ள எண்ணைத் துடைத்துப் படம் எடுத்துக்கொண்டு போவது நல்லது. வெளியே ஒரே மாதிரி தெரியும் இரண்டு பம்புகளின் உள்பாகங்கள் வேறாக இருக்கும்.

உறிஞ்சும் பக்கம், தள்ளும் பக்கம்

பாதை இரண்டு பாதி. டேங்க், அதன் உள்ளே இருக்கும் வலை, பைப், ஹோஸ், தண்ணீர் பிரிக்கும் கிண்ணம், ஃபில்டர் என்று பம்பின் வாய் வரைக்கும் ஒரு பாதி. பம்பிலிருந்து இன்ஜெக்டர் நுனியில் இருக்கும் நாசில் வரை மறு பாதி. மிச்ச டீசல் பம்பிலிருந்தும் இன்ஜெக்டரிலிருந்தும் ரிட்டர்ன் பைப் வழியாக டேங்குக்குத் திரும்பும்.

ரோட்டரி பம்பு (பைப்கள் வட்டமாகப் புறப்படும் வகை) உள்ள பல வண்டிகளில் பம்புக்குள்ளேயே இருக்கும் சிறு விசிறிதான் டேங்கிலிருந்து டீசலை இழுக்கிறது. அப்படியானால் டேங்கு முதல் பம்பு வரை முழுப் பைப்பும் உறிஞ்சலில் இருக்கிறது. இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவில் ஓட்டை இருந்தால் இளநீர் வெளியே சிந்தாது, காற்றுதான் உள்ளே வரும், இங்கேயும் அதேதான். "எங்கேயும் ஒழுகலையே" என்பதை வைத்து ஹோஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. இன்லைன் பம்பு (பைப்கள் ஒரே வரிசையில் புறப்படும் வகை) உள்ள வண்டிகளில் பக்கவாட்டில் தனி ஃபீட் பம்பு இருக்கும். அதற்கு முன்னால் உறிஞ்சல், பின்னால் அழுத்தம். ஃபீட் பம்புக்குப் பின்னால் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே நனையும், கண்ணில் படும்.

இன்னொரு வேறுபாடும் தெரிந்திருக்க வேண்டும். இன்லைன் பம்பின் கேம் பகுதிக்கு எண்ணெய் உண்டு. ரோட்டரி பம்புக்கு உள்ளே ஓடும் டீசலே எண்ணெய். அதில் தண்ணீர் கலந்தாலும், டீசல் வராமல் வெறுமனே சுற்றினாலும், நூலளவு இடைவெளி கூட இல்லாமல் பொருத்தப்பட்ட பாகங்கள் ஒன்றையொன்று அரைக்கும்.

டேங்கைப் பாருங்கள்

முதலில் மூடி. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அந்தத் துளை மண்ணில் அடைந்துவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கொஞ்ச தூரம் ஓடியதும் இழுவை குறைந்து வண்டி நின்றுவிடும். சிறிது நேரம் விட்டு ஸ்டார்ட் செய்தால் ஓடும். வண்டி நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் கோளாறு அங்கேதான். காசில்லாமல் முடியும் வேலை. மூடி தொலைந்து துணியோ பிளாஸ்டிக் பையோ திணித்து ஓட்டுகிறவர்கள் இரட்டைக் கேடு செய்கிறார்கள்: காற்றும் போகாது, நூலும் தூசியும் உள்ளே போகும்.

அடுத்தது டீசலின் அளவு. சமதளத்தில் கால் டேங்க் போதும். கல்வராயன் ஏற்றத்தில் டீசல் டேங்கின் ஒரு பக்கமாக ஒதுங்கும். கொண்டை ஊசி வளைவில் அலையும். உறிஞ்சும் பைப்பின் நுனி ஒரு நொடி வெளியே தெரிந்தாலும் காற்று உள்ளே போய்விடும். சாய்வான இடத்தில் மட்டும் விக்கி, மட்டமான இடத்துக்கு வந்ததும் சரியாகும் வண்டிக்கு முதல் மருந்து அரை டேங்குக்குக் குறையாமல் வைத்து ஏறுவது. அப்போதும் விக்கினால் மேலே போகலாம்.

மூன்றாவது தண்ணீர். மலையில் மழைக்காலமும் மார்கழிப் பனியும் நீளமானவை. பாதி காலியான இரும்பு டேங்கின் உட்சுவரில் இரவில் ஈரம் படிந்து கீழே இறங்கும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது. அடியில் தங்கித் துருவை உண்டாக்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கருப்பான வழவழப்புப் படலம் கட்டும். ஃபில்டரில் துருப்பொடிக்குப் பதில் சளி மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் அது இதுதான். ஃபில்டரை எத்தனை முறை மாற்றினாலும் டேங்கைக் கழுவும் வரை விடாது. மாலையில் டேங்க் நிரப்பி நிறுத்தினால் ஈரம் படியவே இடமிருக்காது. அன்றாடம் ஐநூறு ரூபாய்க்குப் போட்டு ஓட்டும் சூழலில் இது எல்லோருக்கும் முடியாது என்பதும் உண்மை. அவர்கள் வாரம் ஒரு முறை கிண்ணத்துத் தண்ணீரைத் திறந்து விட்டாலே பாதிக் கவலை தீரும்.

கேன் டீசல் இந்த வட்டாரத்தின் தனிக் கதை. பங்க் பக்கத்தில் இல்லாத மலை ஊருக்குக் கேனில் வாங்கிப்போய் வைத்துக்கொள்வது வழக்கம்தான். பூச்சிமருந்து வந்த கேனை எத்தனை முறை கழுவியிருந்தாலும் டீசலுக்கு எடுக்க வேண்டாம். டீசலுக்கென்று ஒரே கேன் இருக்கட்டும். இரவு முழுவதும் அசைக்காமல் வைத்து, காலையில் மெதுவாக ஊற்றி, அடியில் ஒரு விரற்கடை மிச்சம் விட வேண்டும். வேட்டித்துணியில் வடிகட்டினால் தூசி நிற்கும், தண்ணீர் நிற்காது. சந்தேகம் இருந்தால் கொஞ்சத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். மறுநாள் அடியில் கோடு தெரியும்.

டேங்கைக் கழுவ முடிவு செய்தால் இறக்கி, வடித்து, சுத்தமான டீசலைக் கொண்டே குலுக்கிக் கழுவுங்கள். தண்ணீரோ சோப்போ வேண்டாம், பெட்ரோல் கூடவே கூடாது. உறிஞ்சும் பைப் நுனியில் உள்ள வலை கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். "அடைக்குது" என்று அதைப் பிய்த்து எறிந்துவிடும் பழக்கம் பம்பைக் கொல்லும். ஊசித்துளை ஒழுக்குக்கு வழியில் கைகொடுப்பது துணி சோப்பு. ஒழுகும் இடத்தைத் துடைத்து அழுத்தித் தேய்த்தால் டீசல் அதைச் சட்டென்று கரைக்காது, ஊர் வந்து சேரலாம். பிறகு எம்-சீல். நிரந்தர வேலை வெல்டிங்கோ புது டேங்கோதான்.

வெல்டிங் என்றதும் ஒன்று. "டீசல் பெட்ரோல் மாதிரி பத்தாது" என்ற நம்பிக்கையில் காலி டேங்கை அப்படியே வெல்டரிடம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டு வாகன டீசலின் தர விதி கேட்கும் குறைந்தபட்சத் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரிதான். கள்ளக்குறிச்சியில் சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியின் டேங்க் அதைத் தாராளமாகத் தாண்டும். காலி டேங்குக்குள் இருப்பது காற்றோடு கலந்த ஆவி. நிறைந்த டேங்கைவிட அதுதான் வெடிக்கும். ரேடியேட்டர், டேங்க் வேலையே தொழிலாகச் செய்கிற, நீராவி விட்டு ஆவியை முழுதாக வெளியேற்றத் தெரிந்த பட்டறையில் மட்டும் கொடுங்கள்.

காற்று எங்கே நுழைகிறது

காலையில் வெகுநேரம் செல்ஃப் அடித்த பிறகே ஸ்டார்ட் ஆகிறது. ஒருமுறை ஓடிவிட்டால் நாள் முழுதும் ஒரே தொடுதலில் கிளம்புகிறது. பேட்டரியும் ஹீட்டர் ப்ளக்கும் சரியென்றால், இரவில் எங்கோ காற்று புகுந்து டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது என்று பொருள். இதைக் கண்டுபிடிக்க மலிவான கருவி ஒன்று இருக்கிறது: கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப். பம்பின் வாய்க்குச் சற்று முன்னால் ஹோஸைக் கழற்றி, ஒரு சாண் நீளத்துக்கு இந்தக் கண்ணாடி மாதிரியான குழாயை இடையில் போட்டு, இரண்டு முனையிலும் கிளிப் இறுக்குங்கள். இன்ஜின் ஓடும்போது டீசல் தெளிவாகப் போக வேண்டும். ஓயாமல் குமிழ் வந்தால் காற்று நுழைகிறது. அதே குழாயை ஃபில்டருக்கு முன்னால், பிறகு டேங்குப் பக்கம் என்று நகர்த்திக்கொண்டே போனால், எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் குமிழ் பிறக்கிறது என்று தெரிந்துவிடும். சோதனை முடிந்ததும் அந்தக் குழாயை எடுத்துவிட வேண்டும். டீசல் சூட்டில் அது ஒரே வாரத்தில் விறைத்து, அடுத்த ஓட்டை அதிலேயே விழும்.

குமிழ் பிறக்கும் இடம் பெரும்பாலும் ஹோஸ் நுனி, ஃபில்டர் ரப்பர் வளையம், கையால் அடித்து டீசல் ஏற்றும் கைப்பம்பின் டயஃப்ரம், பைப்பை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் காப்பர் வாசர் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். காப்பர் வாசர் ஒருமுறை நசுங்கினால் இறுகிவிடும். புதிது கிடைக்காத இடத்தில் அதைச் செக்கச்சிவக்கச் சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி மிருதுவாகும். இது பழைய மெக்கானிக்குகளின் முறை, பைப் இணைப்புகளுக்குத் தப்பில்லை. இன்ஜெக்டருக்கு அடியில் போகும் வாசருக்கு மட்டும் இந்தச் சிக்கனம் ஆகாது.

ஹோஸ் வெளியே நன்றாக இருந்து உள்ளே உரிந்திருப்பதும் உண்டு. உறிஞ்சல் கூடும்போது உள் தோல் மடங்கி வழியை அடைக்கும், நின்றால் விரியும். ஏற்றத்தில் மட்டும் இழுவை போகும் வண்டியில், பத்து வருஷம் ஆன ஹோஸ்களை ஆராய்ந்து கொண்டிருக்காமல் டீசலுக்கான ஹோஸ் வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிடுவேன். தண்ணீர் ஹோஸ் போடக் கூடாது.

சந்தேகம் தீரவில்லையென்றால் கேன் சோதனை. சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் புது டீசல் எடுத்து, பம்பைவிட உயரமான இடத்தில், எக்ஸாஸ்ட் பக்கம் படாமல் கயிறு போட்டுக் கட்டி வையுங்கள். டேங்கிலிருந்து வரும் ஹோஸை விலக்கி, ஃபில்டருக்கு இந்தக் கேனிலிருந்து டீசல் கொடுங்கள். ரிட்டர்ன் ஹோஸையும் கேனிலேயே விடலாம், குமிழ் வருகிறதா என்று தெரியும். வண்டி நின்ற இடத்திலேயே இன்ஜினை மேல் சுற்றில் ஓட்டுங்கள். கோளாறு மறைந்தால் டேங்கும் பைப்பும் குற்றவாளி. மறையவில்லையென்றால் ஃபில்டரை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இதிலும் தேறாத வண்டிக்குத்தான் பம்பு, நாசில் பற்றிப் பேச வேண்டும்.

ஃபில்டரும் ஏர் எடுத்தலும்

புது ஃபில்டரில் டீசல் நிரப்பி மாட்டுவது பலரின் வழக்கம். நடுத்துளையில் ஊற்றுவதுதான் தப்பு. சுற்றிலும் இருக்கும் சிறு துளைகள் அழுக்கு நுழையும் பக்கம், நடுத்துளை வடிந்து வெளியேறும் பக்கம். நடுவில் ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேரே பம்புக்குப் போகிறது. கைப்பம்பு உள்ள வண்டியில் காலியாகவே மாட்டிவிட்டுக் கையால் அடித்து நிரப்புவது மேல். பழைய ரப்பர் வளையம் ஃபில்டர் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்; இரண்டு வளையம் சேர்ந்தால் காற்று வாங்கும். கம்பெனிப் புத்தகம் சொல்லும் கிலோமீட்டர் சுத்தமான டீசலுக்கு. கேன் டீசலில் ஓடும் வண்டிக்கு அதில் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர் எடுப்பதற்கு ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழோடு டீசல், கடைசியில் தெளிந்த டீசல். தெளிந்தது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும்; அடிப்பதை நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று திரும்ப உள்ளே போகும். கைப்பம்பு கல்லாக இறுகும் வரை அடியுங்கள். பிறகு இன்ஜெக்டர் முனையில் உள்ள பைப் நட்டுகளில் இரண்டை அரைச் சுற்று தளர்த்தி, துணி போர்த்தி, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். டீசல் துடித்துத் துடித்து வந்ததும் நிறுத்தி நட்டை இறுக்கினால் வண்டி கிளம்பிவிடும். ஒரு தடவைக்குப் பதினைந்து நொடிக்கு மேல் செல்ஃப் வேண்டாம். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி அடிக்கலாம். தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்று மலைச் சரிவில் வண்டியை உருட்டுவது வேண்டாத விளையாட்டு.

இவ்வளவும் செய்து நட்டில் ஒரு சொட்டும் வரவில்லையென்றால் ஸ்டாப் சோலனாய்டைப் பாருங்கள். ரோட்டரி பம்பின் தலைப்பக்கம் ஒற்றை ஒயரோடு இருக்கும். சாவியைப் போடும்போது 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். குலுங்கும் பாதையில் அந்த ஒயர் கழன்றால், நன்றாக ஓடிய வண்டி எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரே நொடியில் நின்றுவிடும். டீசல் கோளாறு இழுத்து இழுத்து நிறுத்தும், ஒயர் கோளாறு பட்டென்று நிறுத்தும்.

ரோட்டரி பம்பில் கைவைத்தவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. டீசல் நுழையும் போல்ட்டும் ரிட்டர்ன் போல்ட்டும் பார்க்க ஒரே மாதிரி. ரிட்டர்ன் போல்ட்டின் தலையில் ஆங்கிலத்தில் 'அவுட்' என்று பொறித்திருக்கும். அதற்குள் ஊசிமுனை அளவு துளை ஒன்று இருக்கிறது. பம்பின் உள் அழுத்தத்தை நிர்ணயிப்பதில் அதற்கும் பங்கு உண்டு. இடம் மாற்றி மாட்டினால் உள்ளே வர வேண்டிய டீசல் அந்த ஊசித்துளை வழியாக வர வேண்டியதாகிவிடும். உள் அழுத்தமும் நிற்காது. வண்டி ஸ்டார்ட் ஆனாலும் இழுக்காது. "ஹோஸ் மாத்தினதிலிருந்து இழுவை இல்லை" என்று வரும் வண்டியில் நான் முதலில் திரும்பிப் பார்ப்பது இந்தப் போல்ட்டைத்தான்.

புகை, நாசில், விரல்

சூடான இன்ஜினில் கரும்புகை வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நாசிலைக் கழற்றும் முன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். கரும்பு வெட்டும் காலத்தில் சங்கராபுரம் பக்கத்து மண்பாதையில் ஓடிய வண்டியின் ஏர் ஃபில்டரைத் தட்டினால் பிடிமண் கொட்டும். வெண்புகையும் கண் எரிச்சலும் எரியாத டீசல். காற்று, டைமிங், கெட்ட நாசில் மூன்றில் ஒன்று. நீலப்புகை இன்ஜின் ஆயில். இந்த அத்தியாயத்துக்கு வெளியே.

எந்த நாசில் என்று தெரிய, இன்ஜினை ஸ்லோவில் விட்டு, கண்ணாடி போட்டு, துணி போர்த்தி, ஒவ்வொரு இன்ஜெக்டரின் பைப் நட்டையும் கால் சுற்று தளர்த்தி இறுக்க வேண்டும். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் இன்ஜின் சத்தம் உடனே மாறும். மாறாத சிலிண்டரில்தான் கோளாறு. சத்தம் மாறாவிட்டால் எல்லாமே நாசில் என்று அர்த்தமில்லை. வால்வோ ரிங்கோ கூடக் காரணமாகலாம். அடுத்த சிலிண்டரின் நாசிலோடு இடம் மாற்றிப் போட்டால், கோளாறும் கூடவே நகர்கிறதா என்று தெரியும்.

கழற்றும் முன் சுற்றிலும் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, பைப் முனைகளை மூடி, எது எந்தச் சிலிண்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்டர் வெளியே வந்ததும் அடி வாசர் கூடவே வந்ததா என்று பார்க்க வேண்டும். குழிக்குள் தங்கிவிட்டதைக் கவனிக்காமல் புது வாசர் போட்டு இறுக்கினால் நாசிலின் உயரமே மாறிவிடும். நாசிலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும் ஊசியால் குத்துவதும் வேண்டாம். நாசில் டெஸ்டரில் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய மறைமுக இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் 120 முதல் 150 பார் அளவிலும், டி.ஐ. இன்ஜின்களில் 200 பாரைத் தாண்டியும் நாசில் திறக்கும். உங்கள் இன்ஜினுக்கு உரிய எண்ணைக் கேட்டு அதன்படி ஷிம் போடச் சொல்லுங்கள். பனி போல் சிதற வேண்டும், 'கிர்ர்' என்று ஒலிக்க வேண்டும். திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் கீழே பத்து நொடி நிறுத்தினால் நுனியில் சொட்டு விழக் கூடாது.

அந்தத் தூறலின் முன்னால் கையை நீட்டிக் காட்டும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது மாதிரிதான் தெரியும், வலியும் அவ்வளவாக இருக்காது. சில மணி நேரத்தில் விரல் வீங்கி உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும். விரலையே எடுக்க நேர்ந்தவர்கள் உலகெங்கும் உண்டு. உயர் அழுத்தப் பைப்பில் கசிவைத் தேட ஒரு அட்டைத்துண்டைப் பயன்படுத்துங்கள், விரலை வேண்டாம். பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு காத்திருக்காமல், சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்துக்கு உடனே போய், "உயர் அழுத்த டீசல் உள்ளே போயிருக்கிறது" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். வெள்ளிமலையில் நடந்தால் இறங்கிவரும் நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பம்பின் ஸ்க்ரூ, மலையின் காற்று

பம்பின் பின்பக்கம் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ ஒன்று முத்திரையோடு இருக்கும். இழுவை இல்லையென்றதும் அதைக் கால் சுற்று திருகிவிடுவது சிலரின் கைவைத்தியம். கல்வராயன் மலையின் மேட்டுப்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் அங்கே கொஞ்சம் சக்தி இழப்பதும், முழு பாரத்தில் புகை கூடுவதும் இயல்பு. காற்று இல்லாத இடத்தில் டீசலைக் கூட்டினால் புகையும் சூடும்தான் கூடும். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. பி.எஸ். 4-க்கு முந்தைய வண்டிக்குப் புகை அளவு 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட்டைத் தாண்டக் கூடாது. திருகிய ஸ்க்ரூ அங்கே காட்டிக்கொடுக்கும்.

டீசலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பது பற்றியும் கேட்பார்கள். கந்தகத்தின் அளவு 2010-இல் நாடு முழுவதும் பத்து லட்சத்தில் 350 பங்கு, 2017-இல் 50, 2020-இல் 10 என்று குறைந்தது. கந்தகத்தை எடுக்கும் சுத்திகரிப்பில் டீசலின் வழுவழுப்பும் போகும் என்பது உண்மைதான். ஆனால் அதை ஈடுகட்டும் பொருளைச் சுத்திகரிப்பு ஆலையிலேயே சேர்த்துவிடுகிறார்கள், அதற்குத் தர அளவும் இருக்கிறது. ஆயில் கலக்கத் தேவையில்லை. மண்ணெண்ணெய் கலந்த டீசல்தான் எதிரி. மலிவாகக் கிடைக்கும் கேனை நம்பினால் மிச்சம் பிடித்ததெல்லாம் பம்புக் கடைக்குப் போகும்.

மிச்சம் பிடிப்பதில் இன்னும் மோசமானது இறக்கத்தில் சாவியை ஆஃப் செய்து நியூட்ரலில் விடுவது. மரவள்ளி மூட்டை அடுக்கிய வண்டி கருமந்துறைப் பக்கமாக ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைகளை நோக்கி இறங்கும்போது பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கொடுப்பது ஓடும் இன்ஜின்தான். நின்றுவிட்டால் இரண்டு மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகும். கியரில் விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பம்பின் கவர்னர் டீசலைத் தானே நிறுத்திவிடும். அதற்கு மேல் மிச்சப்படுத்த அங்கே ஒன்றும் இல்லை.

பம்புக் கடையில்

எல்லாம் பார்த்தும் தேறவில்லை, அல்லது தண்டின் சீல் வழியாக டீசல் கசிகிறது, அல்லது ஃபில்டர் கிண்ணத்தில் உலோகத் தூள் மின்னுகிறது என்றால் பம்பை இறக்குவதுதான் வழி. வீட்டில் பிரிக்க வேண்டாம். காலிபிரேஷன் பெஞ்ச் உள்ள கடைக்கு முழுதாக எடுத்துப் போங்கள். இறக்கும் முன் பம்பு உடலும் இன்ஜின் முகப்பும் சந்திக்கும் இடத்தில் உளியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். டைமிங்கைத் தோராயமாகத் திரும்ப வைக்க அது உதவும். சரியான டைமிங் டயல் கேஜ் வைத்துத்தான்.

கடைக்காரரிடம் வேலைக்கு முன்பே மூன்று விஷயம் பேசிவிடுங்கள். பிரிக்கும் முன் பெஞ்சில் ஒருமுறை ஓட்டி, ஒவ்வொரு வாயிலும் எவ்வளவு டீசல் வருகிறது என்று எழுதித் தர வேண்டும். அந்த எண்கள் சரியாக இருந்தால் பம்பைப் பிரிக்கவே தேவையில்லை, பெஞ்ச் கூலி கொடுத்துவிட்டுத் திரும்பலாம். மாற்றிய பழைய பாகங்களை உங்கள் கையில் தர வேண்டும். முடித்த பிறகு ஓட்டிய எண்களும் வேண்டும். எல்லா நாசிலையும் கூடவே கொண்டு போய்விடுங்கள்; புதுப்பித்த பம்பைத் தேய்ந்த நாசிலோடு சேர்த்தால், அடுத்த மாதம் அதே புகையைப் பார்த்துப் பம்புக்காரரோடு சண்டை போட நேரும்.

திரும்ப மாட்டும்போது ரோட்டரி பம்பின் வாய் வழியாகச் சுத்தமான டீசலை ஊற்றி நிரப்பி, தண்டைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, மறுபடி ஊற்றி நிரப்புங்கள். டேங்கைக் கழுவி, புது ஃபில்டர் போட்டு, ஏர் எடுத்த பிறகே செல்ஃபைத் தொட வேண்டும்.